இன்னொரு ஆடியோகிராம் மட்டும் போதாது

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் ஊனமுற்றோர் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்காகக் காது பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. நான் ஆடியோலஜிஸ்ட். என்னிடம் வருபவர்களில் சிலர் ஏற்கெனவே யாரிடமோ காதைக் காட்டி, கோரிக்கை மறுக்கப்பட்டு, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியம்வரை போனவர்கள். "இன்னொரு மருத்துவக் கருத்து வேண்டும்" என்று வாரியம் கோப்பைக் கீழே திருப்பி அனுப்பியிருக்கும். கோபத்தோடுதான் வருவார்கள். வியட்நாம் போரில் இருந்தவர், எண்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும் என்றால் கோபம் வராதா?

கோப்பைப் பிரித்தால் நான் அடிக்கடி பார்க்கும் வரி இது: "பணியிலிருந்து விடுபட்டபோது கேட்கும் திறன் இயல்பாக இருந்தது. ஆகவே இப்போதைய குறைக்கும் பணிக்கும் தொடர்பில்லை." அறிக்கை அவ்வளவுதான். இந்த 'ஆகவே' தானாகச் செல்லாது என்று 1993-இலேயே ஹென்ஸ்லி வழக்கில் முன்னாள் படைவீரர் மேல்முறையீடுகளுக்கான நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடுபடும்போது இயல்பாக இருந்தாலும், பின்னால் வந்த குறைக்குப் பணிக்காலச் சத்தம் காரணமா என்று பார்த்தே ஆக வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அதே வரியை எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான்.

அந்த 'இயல்பு' எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். பழைய விடுவிப்புப் பரிசோதனைகளில் 15/15 என்று இருக்கும். பதினைந்து அடி தள்ளி நின்று ஒருவர் கிசுகிசுப்பார். கேட்டதைத் திருப்பிச் சொன்னால் தேர்ச்சி. பீரங்கிச் சத்தம் முதலில் பாதிப்பது 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தை. கிசுகிசுப்பில் அது பிடிபடாது.

கேட்கும் திறனை அளந்து போட்ட வரைபடமான ஆடியோகிராமே இருந்தாலும் அறுபதுகளின் எண்களை அப்படியே படிக்கக் கூடாது. அவை பெரும்பாலும் பழைய அளவுகோலில் எடுத்தவை. இன்றைய கணக்குக்கு 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபல் கூட்ட வேண்டும், 1000, 2000, 3000-இல் பத்துப் பத்து, 4000-இல் 5. தாளில் 15 என்று சாதுவாக இருப்பது 500-இல் 30 ஆகிவிடும். இருபது டெசிபலைத் தாண்டினாலே ஓரளவு இழப்பு என்கிறது அதே ஹென்ஸ்லி தீர்ப்பு.

வாரியம் கேட்பது பெரும்பாலும் இந்தக் காரண விளக்கத்தைத்தான். நான் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. பணியால் வந்திருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு இருந்தாலே போதும். ஆனால் ஏன் என்று எழுத வேண்டும். வாரியத்தின் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கோப்பு மறுபடியும் திரும்பி வரலாம்.

இன்று நான் எடுக்கும் வரைபடம் காது எவ்வளவு போயிற்று என்று சொல்லும். எப்போதிலிருந்து என்று சொல்லாது. அது வெளியே காத்திருக்கும் மனைவிக்குத் தெரியும். "கல்யாணமான புதிதிலேயே எதையும் இரண்டு தடவை சொல்லணும்" என்பார் ஒரு அம்மா, சிரித்துக்கொண்டே. அதை 21-10210 என்ற சாட்சி வாக்குமூலப் படிவத்தில் அவர் எழுதிக் கையெழுத்திட, பரிசோதனைக்கு முன்பே கோப்பில் சேரும்படி அனுப்பிவிடுங்கள். பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். வராவிட்டால் கோரிக்கை மறுக்கப்படலாம், அல்லது கையில் இருக்கும் பழைய தாள்களை வைத்தே முடிவு எழுதிவிடுவார்கள்.