எல்ல இறக்கம் முதல் மத்தல வரை: டபள் கெப்பில் குரூஸ் கொன்ட்ரோல் பொருத்திப் பார்த்த அனுபவம்

பண்டாரவளைப் பக்கம் டபள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சுமைத்தட்டும் உள்ள வாகனம்) வைத்திருப்பவர்களிடம், மிதியிலிருந்து காலை எடுத்தாலும் நாம் வைத்த வேகத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் குரூஸ் கொன்ட்ரோல் பற்றிப் பேச்செடுத்தால், "நம்ம ரோட்டுக்கு அது எதுக்கு?" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக இருக்கும். மலைப்பாதையை மட்டும் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் 2020 பெப்ரவரியில் தெற்கு அதிவேகப் பாதை மத்தல வரை நீடிக்கப்பட்ட பிறகு, கொழும்புக்குப் போகும் எங்களில் சிலர் எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாக இறங்கி மத்தலயில் அந்தப் பாதையில் ஏறுகிறோம். ஒரே பயணத்தில் கொண்டை ஊசி வளைவுகளும், காட்டோரமாக நீளும் நேர்ப்பாதையும், மணிக்கு 100 கிலோமீற்றர் உச்ச வேகம் அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலையும் வந்துவிடுவதால், இந்தக் கருவி எங்கே உதவுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கவனிக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்திருக்காது.

என் வாகனம் 3 லீற்றர் டீசல் இயந்திரமும் கையால் மாற்றும் 5 கியர்களும் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ். அது குரூஸ் பிடி இல்லாமல் வந்த வகை. ஆயினும் ஸ்டியரிங் பின்புறத்து மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பிடி பொருத்துவதற்கான இடமும் வயர் முனையும் தயாராகவே இருந்தன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை இயந்திரத்தின் கணினியே செய்வதால், அதற்குக் கட்டளை கொடுக்கும் பிடி மட்டுமே குறைவாக இருந்தது. பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் அதே வகைப் பிடியை வாங்கினேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் ஸ்டியரிங்கில் கை வைப்பதற்கு முன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, குறைந்தது 90 விநாடிகளாவது காத்திருக்க வேண்டும். எயார்பேக்கில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்காக உற்பத்தியாளரே சொல்லும் கால அளவு இது. இதில் அவசரம் கூடவே கூடாது.

அந்தப் பிடியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நான்கு கட்டளைகளுக்கு நான்கு வயர்கள் இல்லை. ஒரே சோடி வயர்தான். எந்தப் பக்கம் பிடியை அசைக்கிறோமோ அதற்கேற்ப வேறொரு மின்தடை இணைகிறது, அந்த அளவைக் கொண்டே கணினி நம் விருப்பத்தை அறிந்துகொள்கிறது. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால், கருவியைப் போடவும் அணைக்கவும் முனையிலுள்ள பொத்தானை அழுத்தும்போது தடை ஏறக்குறைய பூச்சியம். பழைய வேகத்தை மீட்க மேலே தள்ளினால் சுமார் 240 ஓம். வேகத்தைப் பதியக் கீழே தள்ளினால் சுமார் 630. விலக்குவதற்கு நம்மை நோக்கி இழுத்தால் சுமார் 1540. நான் வாங்கிய பிடியில் கீழ்ப்பக்க அளவு நிலையாக நிற்காமல் ஏறி இறங்கியது. உள்ளே தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தது. வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் நனையும் எங்கள் ஊரில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. சுத்தம் செய்த பின் அளவு 630க்கு அருகில் உறுதியாக நின்றது. பழைய பிடி வாங்குபவர்கள் பொருத்துவதற்கு முன்பே மேசையில் வைத்து இந்த அளவுகளைப் பார்த்துவிடுவது நல்லது.

பொருத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் வேகம் பதிவாகவில்லை. காரணம் பிரேக் மிதியின் மேலுள்ள சுவிட்சில் இருந்தது. அந்தச் சுவிட்சுக்குள் இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று பின்விளக்கை எரிய வைக்கிறது, மற்றது கணினிக்கு எதிர்மாறான செய்தியைத் தருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், பிரேக் மிதிக்கப்பட்டிருக்கலாம் என்று கொண்டு கணினி வேகத்தைப் பிடிக்க மறுத்துவிடும். சுவிட்சைச் சிறிது முன்னகர்த்திப் பூட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. இந்த எச்சரிக்கை குணத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சந்தேகம் வரும்போது வேலை செய்யாமல் நிற்பதுதான் இப்படியொரு கருவிக்கு அழகு.

இனி ஏற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். கைநூலின்படி இக்கருவி சுமார் 40 கிலோமீற்றருக்கு மேல்தான் இயங்கும். அதற்குக் கீழே வேகம் இறங்கினால் தானாக விலகிவிடும். நாம் வைத்த வேகத்திலிருந்து சுமார் 16 கிலோமீற்றருக்கு மேல் குறைந்தாலும் விலகிவிடும். இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து மலையில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது தலவாக்கலையிலிருந்து நானுஓயா நோக்கி ஏறும் பாதையில்தான் எனக்கு விளங்கியது. 50இல் வைத்தால் 40ஐத் தொட்டதுமே, அதாவது 10 கிலோமீற்றர் குறைந்ததுமே, கருவி கைவிட்டுவிடுகிறது. 70இல் வைத்தால் 54 வரை போராடிப் பார்க்கிறது. கணக்குப் பார்த்தால் 56தான் எல்லைக்கோடு: அதற்குக் கீழே வைத்தால் முதல் விதியும், மேலே வைத்தால் இரண்டாவது விதியும் முந்திக்கொள்கின்றன. மலைப்பாதையில் பாதுகாப்பாக ஓடக்கூடிய வேகம் பெரும்பாலும் 40க்கும் 50க்கும் இடையிலேயே இருப்பதால், கருவிக்கு இங்கே அசைய இடமே இல்லை. "ஏன் சும்மா சும்மா அணைந்துவிடுகிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்லும் விளக்கம் இதுதான்.

கையால் கியர் மாற்றும் வாகனத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேகம் குறைகிறது என்று தெரிந்தால் கணினியால் டீசலைக் கூட்ட மட்டுமே முடியும், கியரை இறக்க முடியாது. ஐந்தாவது கியரில் இயந்திரத்தின் சுற்று நிமிடத்துக்கு 1500க்குக் கீழே வந்துவிட்டால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவில் காற்றழுத்தம் போதாமல் இயந்திரம் உறுமுகிறதே தவிர வேகம் ஏறுவதில்லை. நாம் கியரை இறக்குவதற்காகக் கிளட்சை மிதித்தால் குரூஸ் விலகிவிடும். விலகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சுமையிழந்த இயந்திரம் அலறிக்கொண்டு சுற்றும். ஆக, ஏற்றம் வருவதைக் கண்டதும் நாமே முன்கூட்டி நான்காவது கியருக்கு வந்து, பிடியை மேலே தள்ளி வேகத்தை மீட்டுக்கொள்வதே நடைமுறை.

அதைவிட வேடிக்கையான குணம் மேட்டின் உச்சியில் தெரியும். கருவி இப்போதைய வேகக் குறைவை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரமாகக் குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு டீசலைக் கூட்டுகிறது. நீண்ட ஏற்றத்தில் அந்தக் கடன் ஏறிக்கொண்டே போகிறது. உச்சி கடந்து பாதை சமமான பிறகும், சேர்த்து வைத்த கணக்குக் கரையும் வரை வாகனம் வைத்த வேகத்தைத் தாண்டி ஒரு தள்ளுத் தள்ளுகிறது. நாம் ஓட்டினால் உச்சி தெரிந்ததுமே காலைத் தளர்த்தியிருப்போம். முன்னிருக்கையில் இது பெரிதாகத் தெரியாது, பின்னிருக்கையிலிருந்த அம்மாவுக்கோ வயிற்றைப் புரட்டியது.

சுமை ஏற்றியபோது இந்தக் குணங்கள் எல்லாமே பெரிதாகின. மச்சானின் உருளைக்கிழங்கு மூட்டைகளைக் கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோன நேரத்தில் அதைக் கவனித்தேன். ஆளோடு சேர்த்து 2 தொன் வரும் வெறும் கெப், 6 சதவீத ஏற்றத்தில் 60 கிலோமீற்றரில் போக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே ஏறக்குறைய 20 கிலோவாற் தேவை; 800 கிலோ சுமை ஏறினால் அது 27க்கு மேல் போய்விடும். வெறும் வண்டியில் 60இலிருந்து 56க்கு இறங்கிச் சமாளித்த மேட்டில், சுமையோடு 44 வரை இறங்கிக் கருவி விலகிவிட்டது. காருக்கு இந்த வேறுபாடு இவ்வளவு இருக்காது. தன் எடையின் பாதிக்கும் அருகில் சுமக்கும் வாகனம் என்பதால்தான் கெப்பில் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது.

இறக்கத்தில் பேச அதிகம் இல்லை, ஆனால் சொல்வதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகைக் குரூஸ் பிரேக் பிடிக்காது. வைத்த வேகத்தை வாகனம் தாண்டினால் டீசலை நிறுத்துவது மட்டுமே அதற்குத் தெரிந்த வழி. டீசல் இயந்திரத்தில் பெற்றோல் இயந்திரத்தைப் போலக் காற்றை அடைத்துப் பிடிக்கும் தடுப்பு இல்லாததால் இயந்திரத்தின் இழுவிசையும் குறைவு. பண்டாரவளையை அடுத்த மிதமான சரிவொன்றில் நான்காவது கியரில் 50இல் வைத்தேன்; மானி 60ஐத் தாண்டியதும் பிரேக்கை மிதித்துவிட்டேன். சுமார் 1000 மீற்றர் உயரத்திலுள்ள எல்லயிலிருந்து சுமார் 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் பிடியின் பொத்தானை அழுத்தி முழுமையாக அணைத்துவிட்டு, தாழ்ந்த கியரில்தான் இறங்குகிறேன். வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுத்தாலும் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புகிறேன். மழையிலும் அப்படித்தான். வெறும் கெப்பின் பின்பக்கம் இலேசானது, இழுப்பதும் பின்சக்கரங்கள்தான். ஈரத்தில் சக்கரம் பிடி இழக்கும் கணத்தில் டீசலைக் கூட்டும் கட்டளை வரக்கூடாது.

வெல்லவாய தாண்டியதும் கருவி வேறு ஒன்றாகவே மாறிவிடுகிறது. தனமல்வில வரையான நேர்ப்பாதையில் ஐந்தாவது கியரில் 65இல் வைத்தால் முள் அசைவதே இல்லை. ஆனால் லுணுகம்வெஹெர காட்டையொட்டிய பகுதியில் யானைகள் பாதையைக் கடப்பதால், பொழுது சாய்ந்த பின் அங்கே நான் அதைப் பயன்படுத்துவதில்லை; ராடர் பொருத்திய புதிய கெப்களைப் போல முன்னால் இருப்பதைப் பார்க்கும் கண் என் வண்டிக்கு இல்லை. குரூஸ் கொன்ட்ரோலுக்கு 1950இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். மற்றவர் ஓட்டும் வாகனத்தில் அமர்ந்து, வேகம் ஏறி இறங்குவதை உடலால் உணர்ந்தவர் அவர். 1958இல் கிறைஸ்லரின் இம்பீரியல் கார்களில் அது வந்தது. அதிவேகப் பாதையில் 90இல் வைத்துவிட்டுப் போகும்போது அம்மா பின்னால் அசையாமல் உறங்குவதைக் காணும்போதெல்லாம் அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒரு பழக்கம் அவசியம். 90 என்ற எண் நினைவில் இருக்கும்போதே, ஊருக்குள் 45இல் போகையில் பிடியை மேலே தள்ளினால், வாகனம் அந்த 90ஐ நோக்கிப் பாயும். ஆகையால் வெளியேறும் வளைவிலேயே பொத்தானை அழுத்தி அணைத்துவிடுகிறேன்.

கடைசியாகச் செய்தது டயர் மாற்றம். 265/65 17 அங்குல டயருக்குப் பதிலாக, பக்கச்சுவர் உயரம் கூடிய 265/70 போட்டதில் விட்டம் 776 மில்லிமீற்றரிலிருந்து 803 ஆக, அதாவது ஏறக்குறைய 3.4 சதவீதம், கூடியது. முன்பு மானி 80 காட்டியபோது கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். 77 காட்டியது, இப்போது 79க்கும் 80க்கும் இடையில் நிற்கிறது. வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சர்வதேச விதி என்பதால் உற்பத்தியாளர்கள் சிறிது கூட்டிக் காட்டும்படியே அமைக்கிறார்கள். அந்த இடைவெளியைப் புதிய டயர் முழுவதுமாக விழுங்கிவிட்டது. ஆகவே அதிவேகப் பாதையில் 100 என்று வைத்தால் அது உண்மையான 100தான், மன்னிப்புக்கு இடமில்லை. ஒரு நண்பர் தன்னியக்கக் கியர் கொண்ட கெப் ஒன்றை வைத்திருக்கிறார். கணினியே கியரையும் இறக்கும்போது நானுஓயா ஏற்றத்தில் அந்த 56 எல்லை என்னவாகிறது என்று பார்க்க, அடுத்து அவருடைய வண்டியில் போகிறோம்.