எதிர்பார்க்கும் சம்பளம்

விண்ணப்பத்தில் ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும், கூடுதலாகக் கேட்டால் அழைக்கவே மாட்டார்களோ என்று அஞ்சி, எழுதிய தொகையை அழித்துவிட்டுக் குறைத்து எழுதியவன் நான். நேர்காணலில் மறுபேச்சின்றி அதை ஏற்றுக்கொண்டபோதே, அவர்கள் இன்னும் கூடுதலாகத் தர ஆயத்தமாக இருந்திருப்பார்கள் என்று பட்டது. ‘இதிலிருந்து இதுவரை’ என்று எழுதினால் கேட்பவர் மனத்தில் கீழ் எல்லையே பெரும்பாலும் பதிகிறது என்பதால், அந்தக் கீழ்த் தொகையே நமக்கு நிறைவளிப்பதாக இருக்க வேண்டும். பிடித்தங்களுக்கு முந்தையதா, கைக்கு வருவதா என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

விண்ணப்பதாரரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை நெறியாணை இடம் தரவில்லை. ஒருமுறை குறைத்துக் கேட்ட தொகை அடுத்தடுத்த வேலைகளிலும் ஒருவரைப் பின்தொடர்வதால், இந்தக் காப்பு எங்கும் வர வேண்டும் என மனமார விரும்புகிறேன்.