புறாமலை டிக்கெட்: ஒரு சீசனில் காசு தேற வேண்டுமென்றால்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் சொந்தக்காரர் பிள்ளைகளுக்குத் தீம் பார்க் சீசன் பாஸ் எடுக்கும்போது முதலில் போடும் கணக்கு ஒன்றுதான்: எத்தனையாவது தடவையில் காசு தேறும்? திருகோணமலையில் அப்படிப்பட்ட பார்க் இல்லை. நமக்கு இருப்பது நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலில் நிற்கும் புறாமலை, பவளமும் மீனும் பார்க்கப் போகிற சின்னத் தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். டிக்கெட் அன்றைக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் கடல் படிந்திருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான ஐந்து மாதத்தில் மூன்று, நான்கு தடவை போகிற குடும்பத்துக்கு அதே சீசன் பாஸ் கணக்கு அப்படியே பொருந்தும்.

செலவில் இரண்டு வகை உண்டு. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு. படகுக் கூலியும் சேவைக் கட்டணமும் கூட்டத்துக்கு. இந்த இரண்டாவது வகையில்தான் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது. கணக்குக்காக அது 6,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் போனால் ஆளுக்கு 2,000. எட்டுப் பேர் போனால் 750. இரண்டு குடும்பம் சேர்ந்து போவதைவிடப் பெரிய தள்ளுபடி எங்கும் கிடைக்காது. படகில் எத்தனை பேரை ஏற்றலாம், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதை மட்டும் ஏறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அளவுக்கு மேல் ஏறி மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த மாமாவையும் மச்சாளையும் கூட்டிப் போவதென்றால் அந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. கவுண்டரில் நின்று பேசினால் காலை நேரம் போய்விடும்.

ஏறுகிற இடமும் கணக்கில் சேரும். உப்புவெளியிலிருந்தும் படகு போகிறது, ஆனால் தூரம் கூட, கூலியும் கூட. திருகோணமலை பஸ் நிலையத்தில் குச்சவெளி அல்லது புல்மோட்டை பஸ் பிடித்து நிலாவெளியில் இறங்கி, கரைக்கு நடந்தோ ஓட்டோவிலோ போய், அங்கே டிக்கெட் எடுத்து ஏறினால் கடலில் பத்து, பதினைந்து நிமிடம்தான்.

படகுக்காரரோடு விலையைவிட நேரத்தைப் பேசுங்கள். நூறு, இருநூறு ரூபா குறைப்பதைவிட, திரும்பக் கூட்டிப் போக எத்தனை மணிக்கு வருவார் என்பதை ஏறும் முன்பே உறுதி செய்வதில்தான் லாபம். காலையில் முதல் படகுகளில் போய் மூன்று மணித்தியாலம் நிற்பது சரியான அளவு. பத்து மணிக்கு மேல் கூட்டம் சேரும், கால்கள் மணலைக் கலக்கும், தண்ணீர் மங்கும். பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் நீண்ட வார இறுதியும் ஓகஸ்ட் விடுமுறையும் கொழும்புக் கூட்டம் வரும் நாட்கள். உள்ளூரில் இருக்கிற நமக்குச் செவ்வாயும் புதனும் இருக்கின்றனவே. மழை பெய்த மறுநாளும், அலை எழும்பிய மறுநாளும் போகாதீர்கள். கலங்கின தண்ணீருக்கும் அதே டிக்கெட் விலைதான்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மாதங்களில் வீசுவது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரம் தண்ணீர் குளம் மாதிரித் தெரியும். அதே காற்று மிதக்கிற ஆளை வெளியே தள்ளிக்கொண்டும் போகும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் இறங்கியதும் கால் அடிக்காமல் ஒரு நிமிடம் சும்மா மிதந்து, கரையில் இருக்கிற ஒரு பாறையைக் குறி வைத்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால், முதலில் நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நீந்திப் போய், களைக்கும் நேரத்தில் அதோடு மிதந்து திரும்புங்கள். மாறிச் செய்கிறவர்கள்தான் நடுவில் திணறுகிறார்கள். நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் போடலாம். மிதப்பதற்குச் சக்தி போகாவிட்டால் பார்க்கிற நேரம் கூடும், காலைப் பவளத்தில் ஊன்ற வேண்டிய தேவையும் வராது.

இனி மாஸ்க், தண்ணீருக்குள் பார்ப்பதற்குக் கண்ணையும் மூக்கையும் மூடிப் போடுகிற கண்ணாடி. உண்மையான சீசன் பாஸ் இதுதான் என்பேன். வாடகை மாஸ்க் பல முகத்துக்குப் போட்டு இழுபட்டது. தண்ணீர் ஒழுகி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்க வைத்தால் டிக்கெட்டின் பாதி அதிலேயே போய்விடும். ஒரு மாஸ்க்கின் விலை எட்டு வாடகைக்குச் சமம் என்றால், சீசனுக்கு நான்கு தடவை போகிறவருக்கு இரண்டாவது வருடம் முடியும்போது அது இலவசம். வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்குச் சரிவராது. அளவு மாறிவிடும் என்பதால் அவர்களுக்கு வாடகையோ, பெரிய பிள்ளையிடமிருந்து சின்னதுக்குக் கைமாறுவதோ போதும்.

வாங்கும்போது பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. கண்ணாடி கடினப்படுத்தியதாக இருக்க வேண்டும், ஓரம் சிலிக்கோன். பிளாஸ்டிக் விறைப்பாக இருந்தால் வேண்டாம். ஒழுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: ஓரத்துக்குள் சிக்கிய முடி, மூக்குக்குக் கீழே அடர்ந்த மீசை, அளவுக்கு மீறி இறுக்கிய பட்டி. ஒழுகுகிறதென்று இன்னும் இறுக்குவது எல்லோரும் செய்கிற பிழை. இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் ஒழுகும். பட்டி தலையின் பின்பக்கம் மேலே நிற்க வேண்டும், கழுத்துக்கு இறங்கக் கூடாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதை மாஸ்க்குக்குள் போட முடியாது. பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் தனியாக இருக்கிறது, கிட்டப்பார்வைக்காரருக்கு அந்தச் செலவு பெறுமதியானது.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். அது இருக்கும் வரை ஆவி படிந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பற்பசையை, ஜெல் அல்ல, உட்பக்கம் பூசி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு, மூன்று தடவை செய்தால் போய்விடும். பிறகு ஒவ்வொரு முறையும் இறங்க முன் ஒரு துளி பேபி ஷாம்பூ தடவி லேசாக அலசினால் போதும்.

சுறா பார்க்கத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். இங்கே ஆழமில்லாத பவளத்துக்கு மேல் சுற்றுவது துடுப்பு நுனி கறுத்த சிறிய பவளச் சுறா. துரத்தினால் ஒரு வால் அடியில் மறைந்துவிடும். கையைக் காலை அடக்கி ஒரே இடத்தில் மிதந்தால் அதுவே வட்டமடித்துத் திரும்பி வரும். காலை அமைதியில் இறங்குகிறவருக்கு அது கிடைக்கும், பதினொரு மணிக் கூச்சலில் கிடைப்பது கஷ்டம்.

பவளத்தில் நிற்காதீர்கள். கிளைப் பவளம் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளரும். ஒரு மிதியில் உடைவது பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் காலத்து வளர்ச்சி. இந்த இடம் நம் ஊருக்குச் சொந்தம், அடுத்த சீசனுக்கும் வேண்டும். கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டைக்கூட எடுத்து வருவது குற்றம். அந்தத் துண்டுகள் காலைக் கிழிக்கும், ரப்பர் அடி உள்ள சப்பாத்துப் போடுங்கள். நீந்துகிறவருக்கு எரிவது முதுகும் பின்னங்காலும், எனவே முழுக்கை டீ ஷேர்ட்டும் நீளக் காற்சட்டையும் கிரீமைவிட மேல். தீவில் கடை கிடையாது. தண்ணீரை எவர்சில்வர் போத்தலில், ஆளுக்கு ஒன்றரை லீற்றராவது, சாப்பாட்டைப் பொலித்தீன் இல்லாத டப்பாவில் கொண்டு போங்கள்.

திரும்பி வந்ததும் மாஸ்க்கை நல்ல தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காயவிட்டு, கண்ணாடி கீழே படாமல் டப்பாவில் வையுங்கள். வெயிலில் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே போட்டால் சிலிக்கோன் மஞ்சளாகி வளைந்துவிடும், பிறகு எப்படிப் போட்டாலும் ஒழுகும்.