ஓடை காட்டிய வழியே உச்சிக்கு

திருகோணமலையில் பிறந்த எங்களுக்கு எல்லாத் திசையும் கடல்தான். விருந்தினர் வந்தால் நிலாவெளிக்கு அழைத்துப் போவோம், கோணேசர் கோயில் மலையிலிருந்து அலையைக் காட்டுவோம். கன்னியாவுக்கு அப்பால் காட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும் குன்றுகளை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. என் தலைமுறைக்கு அதற்கான காரணமும் இருந்தது. போர் முடிந்த 2009 வரை காடு என்றால் போகக்கூடாத இடம். முந்தியவர்கள் தேனுக்கும் விறகுக்கும் நடந்த தடங்களை ஈச்சையும் சூரையும் மூடிவிட்டன. அந்தக் குன்றுகளில் ஒன்றின் உச்சிக்குத்தான் மாசி மாதத்தில் நண்பர்களாக ஏறிப்போனோம்.

எங்களுக்கு முன்னால் நடந்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தகப்பனார் காட்டுத்தேன் எடுத்தவர். காட்டின் வாசலில் நின்ற பாலை மரத்தடியில் அண்ணை ஒரு குழையை முறித்து வைத்தார். நாங்களும் ஆளுக்கொரு குழை வைத்துவிட்டு உள்ளே இறங்கினோம். நடப்பதற்குத் தடம் ஏதும் இல்லை. மாரி மழையில் பெருக்கெடுத்து, இப்போது மணலும் குட்டைகளுமாகக் கிடந்த ஓடை மட்டும் இருந்தது.

முதல் வளைவிலேயே யானை இலத்தி. அண்ணை அதைக் குச்சியால் பிளந்தார். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம், நார்களுக்கிடையே நெல் உமி. "இரவு வயலில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்" என்றார். பெரும்போக அறுவடைக் காலம் அது. இருபுறமும் பாறை எழுந்த இடுக்குக்குள் யானை எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. கைதட்டிச் சத்தம் கொடுத்து, காது கொடுத்துக் கேட்ட பிறகே ஒவ்வொரு வளைவையும் கடந்தோம்.

ஏற ஏற இடுக்கு ஒடுங்கியது. பாறையின் நிறமும் மாறியது. கீழே கறுத்துக் கிடந்த கல், மேலே வெளிறிய குவார்ட்சைட்டாக இருந்தது. நீர் தேய்த்த பக்கம் வழுவழுப்பாகவும் புதிதாக உடைந்த பக்கம் சீனியைக் கொட்டி இறுக்கியது போலவும் இருந்தது. ஒரு காலத்தில் வெறும் மணலாகக் கிடந்தது, பூமிக்குள் ஆழப் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இப்படியானது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கதை அது. அந்த உடைந்த முகத்தில் விரலை வைத்தால் மணிகள் இன்னும் நெருடுகின்றன.

பாதி வழியில் இடுக்கை அடைத்துக்கொண்டு இரண்டு ஆள் உயரத்தில் ஒரு படி. மழைக்காலத்தில் அது அருவி, அன்று ஈரக்கசிவு மட்டுமே. பாறையைக் கவ்வி இறங்கிய கல்லால மரத்தின் வேர்கள்தான் ஏணி. அண்ணை ஒவ்வொரு வேரையும் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினார். மேலிருந்து கயிறு வந்தது. பைகளை முதலில் ஏற்றி, பிறகு நாங்கள் ஏறினோம். அங்கே ஒரு குகைவாயில். அழுகல் வாடை அடித்தது, மண் கிளறிக் கிடந்தது. கரடியாக இருக்கலாம் என்று வாய் திறக்காமல் விலகி, வீரை மரங்களுக்குள் சுற்றிப் போனோம். முள்ளும் முசுறு எறும்பும் அங்கேதான் எங்களைப் பிடித்துக்கொண்டன.

உச்சியில் மரமில்லை. குட்டைப் புதர்களும் காற்றும். ஊரில் நின்றால் துறைமுகம் துண்டு துண்டாகத்தான் தெரியும். இங்கிருந்து முழு உருவமும் தெரிந்தது: கோணேசர் மலையின் முனை, உள்துறைமுகம், அதற்கும் தெற்கே மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக்குடா. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது இந்தத் துறைமுகத்தின் மேல்தான். மேற்கே தம்பலகாமத்து வயல்கள். எங்கள் யானை எந்த வரம்பில் ஏறி வந்திருக்கும் என்று தேடிப்பார்த்தோம்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது கொட்டியாரக்குடாதான். அந்த நீருக்கு அடியிலும் ஒரு மலையிடுக்கு தொடங்குகிறது. ஆழ்கடலை நோக்கி 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் அத்தனை ஆழம் இருப்பதால்தான் நீலத் திமிங்கிலங்கள் எங்கள் கடலோரம் வரை வருகின்றன. காலையெல்லாம் கைகால் உரசி ஏறிய இடுக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்த நீலத்தைப் பார்த்தபோது, இத்தனை வருடம் பார்த்த கடலின் தரை முதன்முறையாக எனக்குப் புரிந்தது.

ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். இறங்குவதற்கு இடுக்கை விட்டுவிட்டு முகட்டைப் பிடித்தோம். அந்த அருவிப் படியில் ஏறலாம், இறங்கக் கூடாது. அடிவாரத்தில் ஒருவர் முதுகில் மற்றவர் உண்ணி பொறுக்கியதற்கே நெடுநேரம் போனது.

போக விரும்புகிறவர்கள் வன இலாகாவிடம் அனுமதி கேளுங்கள். அந்தக் காட்டில் நடந்து பழகிய ஊரவர் ஒருவரை முன்னால் விடுங்கள். மார்கழி மழையில் ஓடைக்குள் இறங்கவே வேண்டாம், வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. சித்திரை பிறந்தால் குட்டைகள் வற்றிவிடும், தண்ணீரை நீங்களே சுமக்க வேண்டும். கொண்டுபோகும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நாங்கள் ஏறிய வழி முழுவதிலும் ஒரு பிளாஸ்டிக் துண்டுகூட இருக்கவில்லை.