ஸ்டிக்கரில் 275 டிஐ, எஞ்சினில் நாலு சிலிண்டர்

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பானட்டில் இருக்கும் பெயரை நம்பி ஒரு நட்டு கூட வாங்காதீர்கள்.

வண்டி மாமனாருடையது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு உழ, கைமாறிக் கைமாறி வந்ததை வாங்கிப்போட்டார். வீட்டில் அதற்கு ‘இன்டர்நேஷனல்’ என்றுதான் பெயர். கொஞ்ச வருஷம் முன்னால் பெயிண்ட் அடிக்கக் கொடுத்த இடத்தில், பெயிண்டர் தன்னிடம் இருந்த ‘மஹிந்திரா 275 டிஐ’ ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் ஒட்டி அனுப்பிவிட்டார். பார்க்க நன்றாக இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் கலந்து எஞ்சின் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

ஸ்பேர் கடையில் “பழைய இன்டர்நேஷனலுக்கு ஹெட் கேஸ்கெட் வேணும்” என்றுதான் கேட்டேன். போட்டோ காட்டச் சொன்னார், காட்டினேன். “275 தானே” என்று கவரோடு எடுத்துப் போட்டு பில்லும் போட்டுவிட்டார். எந்த வருஷத்து வண்டி, எத்தனை சிலிண்டர் என்று ஒரு வார்த்தை இல்லை. தோப்பில் மெக்கானிக் அண்ணன் கவரைப் பிரித்தால் அதில் மூன்று சிலிண்டருக்குத்தான் ஓட்டை. எங்கள் எஞ்சினில் நாலு. திரும்பக் கொண்டுபோனதற்குக் கிடைத்த பதில்: “பிரிச்ச சாமானை எடுக்க மாட்டோம் தம்பி. ஸ்டிக்கர் ஒட்டினவனைப் போய்க் கேளு.”

விஷயம் இதுதான். 275 என்ற எண்ணில் வேறு வேறு வண்டிகள் இருக்கின்றன. பழையது பி-275. மஹிந்திரா, வோல்டாஸ், அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் மூன்றும் சேர்ந்து 1963-ல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியா’ பம்பாயில் செய்தது. நாலு சிலிண்டர், பிடி-144 எஞ்சின். 144 என்பது கன அங்குலக் கொள்ளளவு. அந்தக் கம்பெனி 1977-ல் மஹிந்திராவோடு இணைந்துவிட்டது. இன்றைக்கு எல்லா ஊரிலும் ஓடுகிற 275 டிஐ-யோ மூன்று சிலிண்டர், 2048 சிசி. பெயரில்தான் உறவு, கேஸ்கெட்டில் இல்லை.

மெக்கானிக் அண்ணனுக்கு ஸ்டிக்கர் மேல் முதலிலேயே சந்தேகம் இருந்திருக்கிறது. “டிஐ-ன்னா டீசலை நேரா பிஸ்டன் மேல அடிக்கிற எஞ்சின். இதுல ஸ்டார்ட் பண்ண சூடேத்துற ஹீட்டர் பிளக் சிலிண்டருக்கு ஒண்ணு நிக்குது பாருங்க, இது அந்தக் காலத்து வண்டி” என்றார். இதைக் கடைக்குப் போகும் முன்னால் சொல்லியிருக்கலாம். கேட்டால் “நீங்க கேக்கலியே” என்கிறார்.

அதற்கப்புறம் ஆளுக்கொரு யோசனை. கியரை எண்ணிப் பார் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மேசி ஃபெர்குசன் 35 டிராக்டரைக் கண்டுபிடிக்க அது உதவும், அதில் முன்னுக்கு 6, பின்னுக்கு 2. எங்களுக்கு உதவாது, பி-275, 275 டிஐ இரண்டிலும் முன்னுக்கு 8, பின்னுக்கு 2 தான். டயர் சைஸைப் பார் என்றார் இன்னொருவர். இத்தனை கை மாறிய வண்டியில் எந்த டயர் ஒரிஜினல்? லேத்துக்காரர் வெர்னியரோடு வந்து போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, அளந்தார். 85.7 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. பிடி-144-க்கு அதுதான் கணக்கு. அந்தக் கொஞ்சம், தேய்மானம். ஆனால் போரை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். இதே குடும்பத்தில் பிடி-154 என்று இன்னொரு நாலு சிலிண்டர் எஞ்சின் உண்டு, அதன் போர் 88.9. மூன்று சிலிண்டர் 275 டிஐ-க்கும் அதே 88.9. சிலிண்டரை எண்ணிவிட்டு அப்புறம் அளப்பதுதான் சரி.

இதற்கிடையில் ஆர்.சி. புதுப்பிக்கிற வேலையும் நின்றுபோயிருந்தது. விவசாய டிராக்டருக்கு முதல் 15 வருஷம் முடிந்தால், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் படிவம் 25 போட்டுப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஆர்.சி. கையால் எழுதிய பழைய புத்தகம். மாடல் இருக்க வேண்டிய இடத்தில் ‘டிராக்டர்’ என்று மட்டும் இருக்கிறது, சேசிஸ் நம்பரில் பாதி மடிப்பில் அழிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமல், “வண்டில என்ன எழுதிருக்கோ அதையே போடுங்க சார்” என்றார். அப்படிப் போட்டிருந்தால் புத்தகத்தில் ஒரு வண்டி, தோப்பில் ஒரு வண்டி. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து நம்பரைப் பார்க்கும்போது திருட்டு வண்டிக்காரனாக நிற்கப்போவது யார்?

ஆகவே நம்பரைத் தேடினோம். பல வருஷத்து கிரீஸும் மண்ணும் கல்லாகிக் கிடந்தது. டீசலில் ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டி, பெயிண்டுக்குத் தின்னர் துணி போட்டோம். மச்சான் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார், பிடுங்கி வைத்தேன். சேசிஸ் நம்பர் மேல் கிரைண்டரோ உப்புக் காகிதமோ பட்டால், அழித்து அடித்த நம்பர் என்றுதான் பார்ப்பார்கள். அந்த இடத்தில் சாக்பீஸைப் படுக்கப் போட்டுத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளமான எண்கள் தனியாகத் தெரியும். தெரிந்தது. கம்பெனிப் பெயர்த் தகட்டில் பாதி அரித்திருந்தாலும் ‘டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியா’ மிச்சமிருந்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டாம், வண்டி மஹிந்திரா பெயருக்கு மாறுவதற்கு முந்தினது.

இன்னொரு உபாயம், தகடே இல்லாதவர்களுக்கு: வார்ப்பு இரும்புப் பாகங்களில் எண் புடைத்து நிற்கும். எண்ணின் கடைசியில் ஆர்1, ஆர்2 என்று வந்தால் அது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வழி வந்த பாக எண். ஒற்றைப் பாகத்துக்கு ஆர்1, கோத்த செட்டுக்கு ஆர்91 என்று போகும். ஒரு பாகத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், மாற்றிப் போட்டிருப்பார்கள். மூன்று நாலு இடத்தில் பாருங்கள்.

ஆபீஸில், சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரின்டையும் தகட்டின் போட்டோவையும் வைத்தபிறகு அதே கவுன்டர்காரர் ‘பி-275’ என்று எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்து முடித்தது பத்து நிமிஷ வேலை.

கேஸ்கெட் சேலத்தில் கிடைத்தது. இந்த முறை மாடல் பெயரே சொல்லவில்லை. பிய்ந்த பழைய கேஸ்கெட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் மேசைமேல் விரித்தேன். கடைக்காரப் பெரியவர் பார்த்ததும், “இன்டர்நேஷனலா? ஹீட்டர் பிளக்கும் நாலு எடுத்துக்க” என்றார். மாட்டியாகிவிட்டது, ஆயில் சுத்தமாக இருக்கிறது. கொஞ்சம் ஓட்டிவிட்டு ஹெட் நட்டுகளை மறுபடி ஒருமுறை டைட் வைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வருவதாக மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார்.