தார்ன்க்ளிஃப் பார்க்கில் நாங்கள் வாடகை வீடு பிடித்த கதை

2023 ஜூலையில் நானும் கணவரும் ஏழு வயது மகளும் டொராண்டோவுக்கு வந்து, உறவினர் வீட்டின் ஓர் அறையில் தங்கினோம். கணவருக்கு வேலை உறுதியாகியிருந்தது; சில மாதங்களுக்கான சேமிப்பும் கையில் இருந்தது. ஆகவே வீடு பிடிப்பதில் பெரிய சிக்கல் இராது என்றே நம்பினோம். முதல் மூன்று வாரங்களில் பதினொரு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்ட பிறகுதான், இங்கே பணத்துக்கு முன்னால் காகிதம் பேசுகிறது என்பது புரிந்தது. நாட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத எங்களிடம் கிரெடிட் ஸ்கோரும் (கடனை ஒழுங்காக அடைப்பவரா என்று காட்டும் மதிப்பெண்) இல்லை, முந்தைய வீட்டு உரிமையாளரின் பரிந்துரைக் கடிதமும் இல்லை.

பெரும்பாலானவர்கள் காரணம் சொல்லாமலே மறுத்தார்கள். ஒருவர் மட்டும் தொலைபேசியில் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். குழந்தை இருப்பதைச் சொன்னதும், கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குச் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று பேச்சை முடித்துக்கொண்டார். பிறந்த நாட்டையோ குழந்தை இருப்பதையோ காரணமாக வைத்து வீடு மறுப்பதை டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டம் தடை செய்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வீடு கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம்தான் ஏதோ குறை என்று எண்ணி அன்றிரவு விழித்துக் கிடந்திருக்க மாட்டோம்.

இன்னோர் உரிமையாளர் வீடு தரச் சம்மதித்தார். வாடகை மாதம் 2,100 டாலர். கிரெடிட் ஸ்கோர் இல்லாததால் ஆறு மாத வாடகையான 12,600 டாலரை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், சேதம் ஏற்பட்டால் ஈடுகட்ட 1,000 டாலர் தனியாக வேண்டும் என்றார். சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும் என்று தெரிந்தும், கொடுத்துவிடலாம் என்றே முடிவு செய்திருந்தோம்.

அந்த வாரக் கடைசியில்தான் டொராண்டோவின் தார்ன்க்ளிஃப் பார்க் பகுதிக்கு முதன்முறையாகப் போனோம். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடத்தில் 1960களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் அவை. அங்குள்ள பூங்காவில் உருது, பஷ்தோ, குஜராத்தி, தகாலோக் என்று நான்கைந்து மொழிகள் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. மகள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பகுதியில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கும் பாகிஸ்தானியப் பெண்மணி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவரை இப்போது பாஜி என்று அழைக்கிறேன்; உருதுவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அரைகுறை இந்தியும் அவருடைய ஆங்கிலமும் கலந்த அந்தப் பேச்சில், நாங்கள் கொடுக்கவிருந்த தொகையைக் கேட்டு அவர் அதிர்ந்துபோனார். ஒன்டாரியோவில் உரிமையாளர் வைப்புத்தொகையாகக் கேட்கக்கூடியது அதிகபட்சம் ஒரு மாத வாடகை. அதையும் காலி செய்யும் கடைசி மாதத்தின் வாடகையாக மட்டுமே கழிக்க முடியும். சேதத்துக்கென்று தனி வைப்புத்தொகை கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. இவ்வளவையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். காசோலை எங்கள் பையிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் அவர் காட்டிய வழியில், புதிதாகக் குடியேறியவர்களுக்கான சேவை மையம் ஒன்றுக்குச் சென்றோம். கடன் வரலாறு இல்லாமை வேறு, மோசமான கடன் வரலாறு வேறு என்பதை அங்கிருந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார். வரலாறு இல்லை என்பதையே ஒருவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. இதை வாதமாக எழுப்பாமல், விண்ணப்பத்துடன் சேர்க்கும் கடிதத்தில் பணிவாகக் குறிப்பிடும்படி அவர் அறிவுறுத்தினார். வேலை நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், கணவரின் பழைய நிறுவனத்தின் மேலாளர் எழுதிய கடிதம், ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்ட உறவினரின் சம்பளச் சான்று ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கினோம். உரிமையாளருக்கு நேர்மையாகவே ஓர் அச்சம் இருக்கக்கூடும். அவர் கேட்பதற்கு முன்பே அதற்குப் பதில் வைத்திருந்தது எங்களுக்குப் பெரிதும் உதவியது என்று நினைக்கிறேன்.

காண்டோ எனப்படும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் உள்ள புதிய அடுக்குமாடிகளின் பளபளப்பில் கணவருக்கு ஆசை இருந்தது. நான் பழைய கட்டடத்தையே வற்புறுத்தினேன். காரணம், 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முறையாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு அரசின் ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. பழைய கட்டடங்களில் குறைகளும் உண்டு. அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன், பாஜியின் யோசனைப்படி லிஃப்ட் அருகே நின்று, ஏறி இறங்கியவர்களிடம் கேட்டேன்: லிஃப்ட் அடிக்கடி பழுதாகுமா, கரப்பான் பூச்சி உண்டா, குளிர்காலத்தில் ஹீட்டிங் ஒழுங்காக வருமா? மொழி தெரியாத ஒரு முதியவர்கூட, கரப்பான் படத்தைக் கைபேசியில் காட்டியதும், மூன்றாம் மாடி என்று விரலால் காட்டினார். முகப்புக் கூடத்தில், வாடகைக் கட்டடங்களின் பராமரிப்பைக் கண்காணிக்கும் மாநகராட்சியின் ரென்ட்சேஃப்டிஓ திட்ட விதிப்படி வைத்திருக்க வேண்டிய அறிவிப்புப் பலகையையும் நின்று படித்தேன். முதல் கட்டடத்தை அதோடு கைவிட்டோம். இரண்டாவது கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் ஒரு வீட்டுக்கு விண்ணப்பித்து, நான்கு நாட்களில் சம்மதம் பெற்றோம்.

வாடகை அதே 2,100 டாலர்தான். 2018 ஏப்ரல் 30 முதல் கட்டாயமாக்கப்பட்ட அரசின் பொதுக் குத்தகைப் படிவத்தில் கையெழுத்திட்டு, முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் கொடுத்தோம். சாவி வாங்கிய அன்று, பொருட்களை இறக்குவதற்கு முன்பே ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, குளியலறை ஓட்டில் இருந்த விரிசலைச் சேர்த்து மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். செப்டம்பர் 1 அன்று குடியேறினோம்.

2024 மே மாதத்தில் வாடகை உயர்வுக்கான என்-1 படிவம் வந்தது. அந்த ஆண்டின் வரம்பான 2.5 சதவீதப்படி, செப்டம்பரிலிருந்து 52.50 டாலர் கூடுதல். கடைசி மாத வைப்புத்தொகைக்கு உரிமையாளர் ஆண்டுதோறும் அதே வீதத்தில் வட்டி தர வேண்டும் என்பதால், அந்த 52.50 டாலர் வட்டியை எங்களுக்குத் தராமல் வைப்புத்தொகையுடனேயே சேர்த்து, அதைப் புதிய வாடகையான 2,152.50 டாலருக்குச் சமமாக்கிவிட்டார்கள். கணக்கைச் சரிபார்த்து, படிவத்தைக் குத்தகைக் கோப்பில் வைத்தேன். கீழ்மாடிக்கு அந்த மாதம் குடிவந்திருந்த குடும்பம் ஒன்று அதன் நகலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தது.