பெர்க்லியில் வீடு பார்த்த கதை

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து தர்மபுரி வந்து நாலு நாள் ஆகிறது. நாலு ரோடு டீக்கடையில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கேட்டார்: “பெர்க்லியில வீடு வாடகைக்குக் கேட்டா, நீங்க என்ன ஆளுங்கன்னு கேப்பாங்களா?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்க பெரியப்பா. கிரெடிட் ஸ்கோர் கேப்பாங்க.” (வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் மார்க்.)

1964-இல் மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் போராடிய ஊர் அது. போலீஸ் கார் மேல் ஏறிப் பேசிய மாணவர் மாரியோ சாவியோ, கார் கெட்டுவிடக் கூடாதென்று ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். (அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) இப்போதும் வாசலுக்கு வாசல் ‘எல்லோரும் வருக’ பலகைதான். அதே தெருவில் அடுக்குமாடி வரப்போகிறது என்றால் மட்டும் நிழல் விழும், பார்க்கிங் போய்விடும் என்று மனு எழுதுவார்கள். இப்படி வீடுகள் போதாமல், என் சம்பளத்தில் பாதி ஒற்றை அறை வாடகைக்கே போகிறது.

பெரியப்பா டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

“அந்த ஸ்கோரு என்ன, ஜாதி சர்டிபிகேட் மாதிரியா? தாசில்தார் ஆபீஸ்ல வாங்கணுமா?”